மாரடிக்க மாட்டோம்

மாரடித்து அழ வட்டம் கட்டிய பெண்கள் கையை ஓங்கிய நேரத்தில்தான் தோட்டத்துப் படலுக்கு வெளியே வண்டி வந்து நின்றது. செங்கோடக் கவுண்டர் இறந்து கிடந்த மனைவி நாச்சியம்மாளின் கால்மாட்டிலிருந்து எழுந்தார். விடிந்ததும் பண்ணையாள் வேலனைக் கோயமுத்தூருக்கு வண்டியோடு அனுப்பியவர் அவர்தான். யாரை அழைத்துவர என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி ஹலீமா, கோட்டைமேட்டு வியாபாரி கலீல் ரஹ்மானின் மனைவி. இன்னொருத்தி மாசாணியம்மாள், பீளமேட்டுப் பக்கம் தோட்டங்காடுகளில் கூலி வேலைக்குப் போகிறவள். ஹலீமா உள்ளே வந்தாள். மாசாணியம்மாள் படலோடு நின்றுவிட்டாள். அவள் சனம் கவுண்டர் வாசலில் கால் வைத்ததில்லை.

நாச்சியம்மாளின் இடது மாரில் முதலில் வந்தது புளியங்கொட்டை அளவுக் கட்டி. கோயமுத்தூருக்கு நீலகிரிப் பைக்காராவிலிருந்து கரண்டு வந்த வருடம் அது. ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். வருடம் திரும்புவதற்குள் மறுபடி வந்தது. இனிப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொள்வதுதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கட்டு மாற்றும் வராந்தாவில், அதே நோயோடு உட்கார்ந்திருந்த இந்த இருவரும் அவளுக்குக் கிடைத்தார்கள். அப்புறம் செவ்வாய்க்கிழமை ஒன்றுகூடத் தவறவில்லை.

"வாராவாரம் எதுக்கு இந்த அலைச்சல்? கட்டை நானே மாத்தி உடறேன்" என்று செங்கோடன் ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"கட்டுக்காகவா நான் போறனுங்க? வலிக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னா, நீங்க எந்திரிச்சுக் கெணத்து மேட்டுக்குப் போயர்றீங்க. அவளுக எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு கேக்கறாளுக."

அடுத்த வாரத்திலிருந்து வண்டியை அவரே ஓட்டினார். ஆஸ்பத்திரிப் புளியமரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு எட்டவே உட்கார்ந்திருப்பார். வராந்தாவில் மூன்று பேரும் அழுவார்கள். திடீரென்று வெடித்துச் சிரிப்பார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. திரும்பும்போது அவள் முகம் காய்ச்சல் விட்ட முகம்போலத் தெளிந்திருக்கும்.

"சாகப் போறவளுக்கு டவுன் சவாரி கேக்குதா?" என்று செங்கோடனின் அக்கா வள்ளியாத்தாள் அவள் காதில் விழும்படியே பேசினாள். நாச்சியம்மாள் அடுத்த செவ்வாய் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வண்டியேறினாள்.

எழ முடியாமல் படுத்த பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் போய்ட்டா அவங்க ரெண்டு பேருக்கும் ஆள் உடுங்க. மாசாணிய வெளிய நிக்க வெச்சுப் போடாதீங்க."

அவர் தலையாட்டியிருந்தார். அது எத்தனை பெரிய காரியம் என்பது இப்போதுதான், ஊரே வாசலில் கூடி நிற்கும்போதுதான் தெரிந்தது.

"உள்ள வாங்க, அம்மணி" என்று படலோரம் போய் மாசாணியம்மாளை அழைத்தார்.

"வேண்டாமுங்க பண்ணாடி. இங்கிருந்தே பாத்துக்கறனுங்க."

செங்கோடன் படலை அப்படியே பெயர்த்தெடுத்து வேலியில் சாய்த்தார். "நானாக் கூப்பிடலீங்க. அவ சொல்லிப்போட்டுப் போயிருக்கறா."

வள்ளியாத்தாள் எழுந்துவிட்டாள். "செங்கோடா! உனக்கென்ன கிறுக்குப் புடிச்சுதா? இனி இந்த ஊட்டுல சாதிசனம் பச்சத்தண்ணி குடிக்குமா?"

"குடிக்காட்டிப் போகுதுக்கா."

பங்காளிகளில் சிலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அவர் தடுக்கவில்லை.

மாசாணியம்மாள் வந்தாள். பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு விலகினார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, குளிர்ந்த கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"நாச்சி, வலி போச்சா கண்ணு?"

பெயர் சொல்லி அழைத்தது வாசல் முழுக்கக் கேட்டது. ஹலீமா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, நெற்றியில் விழுந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள்.

"வந்ததுதான் வந்துட்டீங்க, மாரடிச்சு அழுங்க. சும்மா குத்த வெச்சிருந்தா செத்தவளுக்கு என்ன மரியாதை?" என்றாள் வள்ளியாத்தாள்.

மாசாணியம்மாள் முந்தானையை லேசாக விலக்கினாள். தட்டையான நெஞ்சைச் சுற்றிக் கட்டுத் துணி. அதில் மஞ்சளாக நீர் கசிந்திருந்தது.

"அடிக்கறதுக்கு மாரு இல்லீங்க ஆத்தா. இருந்தாலும் அடிக்க மாட்டோமுங்க. 'இது பட்ட பாடு போதும், என்ற சாவுல யாரும் மாரடிக்கப்படாது'ன்னு நாச்சி எங்ககிட்டச் சத்தியம் வாங்கியிருக்கறா."

வள்ளியாத்தாள் அவளை முறைத்தபடியே தன் மாரில் இரண்டு அடி அடித்தாள். வட்டத்தில் வேறு கை எழவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை மெல்ல மடியில் இறங்கியது. பிறகு அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பித் தலை முழுகியதும், இன்றைக்கு வாசல் தாண்டக்கூடாது என்றார்கள். செங்கோடன் ஈரத் துண்டோடு போய் வேலனிடமிருந்து மூக்கணாங்கயிற்றை வாங்கினார். இருவரையும் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் ரோட்டில் வண்டியை விட்டார்.

வண்டி கணபதி ஊரைத் தாண்டியது. பிறகு அவருடைய முதுகுக்குப் பின்னால் ஹலீமாவின் குரல் தாழ்ந்து கேட்டது.

"நாச்சி ஒண்ணு சொல்லுவாளே, மாசாணி, ஞாபகமிருக்கா? கட்டுத்தறியில இவரு மாட்டுக்கிட்ட, 'அவளுக்கு நல்லாயிரும்டா, நல்லாயிரும்டா'ன்னு சொல்லிக்கிட்டு நின்னாராமா. இவ சன்னலோரம் ஒளிஞ்சு நின்னு கேட்டாளாமா."

"மாடு ரெண்டும் ஆமாஞ்சாமி போட்டுத் தலையாட்டுச்சாமா!"

இரண்டு பேரும் பொங்கிச் சிரித்தார்கள். சட்டென்று அவர் இருப்பது நினைவுக்கு வந்து அடங்கினார்கள்.

செங்கோடன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பறம்?" என்றார்.

கயிறு அவர் கையில் தளர்ந்தது. மாடுகள் தம் போக்கில், மெதுவாக நடந்தன.