தரம் பார்த்துப் பொறுக்கிய உண்ணிகள்

தங்கச் சுரங்கத்தின் சைரன் நின்றுபோன இந்த 2001-இல், கோரமண்டல் லைன் குடியிருப்பே பாட்டிலும் கையுமாகத் திரிந்த அந்த மழைக்காலத்தை நினைத்தால் சூசைராஜுக்குச் சிரிப்பு வருகிறது. மூன்று வருஷம்தான் ஆகிறது. முப்பது வருஷம் போலிருக்கிறது.

அப்போது இரண்டு மாடுகள் ரத்தமாக மூத்திரம் போய்ச் செத்திருந்தன. உண்ணி கடித்து வருகிற காய்ச்சல். எந்த மேய்ச்சலில் அது தொற்றுகிறது என்று கண்டுபிடிக்க, மாட்டாஸ்பத்திரி டாக்டர் மமதா ஊரையே வேலைக்கு வைத்தார். வாராவாரம் மாட்டிலிருந்து உண்ணியைப் பொறுக்கி ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு, அந்த வாரம் மாடு மேய்ந்த இடத்தைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். சம்பளமில்லாத வேலைக்கு அத்தனை போட்டியை ராபர்ட்சன்பேட்டைச் சந்தை வியாபாரி ஒருவனும் கண்டிருக்க மாட்டான்.

எல்லார் பாட்டிலையும் வாங்கி, லைனுக்காகப் பொறுக்கிக் கொடுத்தவர் சூசைராஜ். சுரங்க மில்லில் பெல்ட்டில் ஓடும் கல்லை இருபத்திரண்டு வருஷம் தரம் பிரித்த கை. தங்கம் உள்ள கல் உள்ளே, வெத்துக்கல் வெளியே.

மூன்று வாரச் சீட்டுகளும் ரயில் ஸ்டேஷன் பக்கத்து மேய்ச்சலையே குற்றம் சொல்லின. அதை நம்பி அடுத்த வீட்டுப் பார்வதம்மா தன் நிறைசினைச் செவலையை ஏரிப்பக்கம் ஓட்டினாள். புருஷன் போனபின் அந்த வீட்டுக்கு அந்தப் பசுவின் மடிதான் கதி.

நாலாம் வாரம் டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார், எல்லாம் திராட்சை மாதிரி இருக்கு? பொடிசு ஒண்ணுகூட இல்லையா?"

"வேஸ்ட்டெல்லாம் கழிச்சுட்டேன்மா. ஹை கிரேடு மட்டும்தான்."

"அய்யோ! பெருசெல்லாம் மூணு வாரம் முன்னாடியே ஏறி வளந்தது சார், பொடிசுதான் இப்ப மேயற இடத்தக் காட்டும். நீங்க சீட்டு எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாடுங்க எங்கே மேஞ்சுது?"

சூசைராஜ் நினைத்துப் பார்த்தார். ஏரிப்பக்கம்.

வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார்.

"பார்வதம்மா, மாட்ட ஓட்டிக்கினு வா! தப்பு என்மேலதான்."

"இன்னாண்ணா, நீதானே ஸ்டேஷன் பக்கம் ஆகாதுன்ன?"

அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"உண்ணிக்குக்கூடவா கிரேடு? நல்லவேளை, உனக்குப் பொண்ணு பாத்தது உங்கம்மா. நீ போயிருந்தா எடை போட்டு இட்டாந்திருப்ப."

சொல்லிவிட்டு அழுதாள்.

அன்று மாலைவரை இருவரும் செவலையின் காதுமடலிலும் தொடையிடுக்கிலும் கடுகளவு உண்ணிகளைத் தேடினார்கள். அறுபதுக்குமேல் கிடைத்தன. ஸ்டேஷன் பக்கம் மேய்ந்த எல்லம்மாவின் மாட்டில் நாலே நாலு. மறுநாள் டாக்டர் ஏரிப்பக்க மேய்ச்சலை அடைக்கச் சொன்னார். ஆறாம் நாள் செவலைக்குச் சூடு ஏறியது. தினமும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததால், மூத்திரம் சிவக்குமுன்பே ஊசி போட முடிந்தது. மூன்று நாள் தீனி எடுக்கவில்லை. சூசைராஜும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அது தவிட்டுத் தண்ணீரில் மூக்கை விட்டது.

கன்று போட்ட மறுவாரம் பார்வதம்மா ஒரு டம்ளர் பாலோடு அவர் வாசலில் நின்றாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.