இரண்டு மொழிக்கும் ஒரே வாய்

மெல்போர்னில் எங்கள் மகள் டோப்ரா படித்த பள்ளியில் ஐரோப்பிய யூதர்களின் பழைய வீட்டுமொழியான யித்திஷும் உண்டு, எபிரேயமும் உண்டு. வீட்டிலோ எனக்கும் என் கணவர் லியோனுக்கும் இரண்டுமே தெரியாது. அவள் ரொட்டியை ஒரு மொழியில் கேட்பாள், உப்பை இன்னொன்றில் கேட்பாள். லியோனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாரு, ரெண்டும் குழம்பிப் போச்சு. எபிரேயம் போதும். ஜெபத்துக்கும் அதுதான், இஸ்ரேலுக்கும் அதுதான்" என்பார்.

ஒரு ஞாயிறு காலை பெற்றோர் கூட்டத்தில் அதையே தீர்மானமாகக் கொண்டுவந்தார். ஓட்டு பெற்றோருக்கு மட்டும் என்பதால் ஆசிரியர்கள் யாரும் வரவில்லை. பெரிய பிள்ளைகள் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எழுந்தவர் டைல்ஸ் பதிக்கும் யோராம். இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து வந்தவர். எபிரேயத்தில் பொரிந்து தள்ளினார். நாஹும் சும்மா இருப்பாரா? சோவியத் நாட்டிலிருந்து புதிதாக வந்த தையல்காரர், யித்திஷில் பதிலுக்குக் கத்தினார். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு எதுவுமே புரியவில்லை. சண்டை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

டோப்ரா தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நான் சொல்றேன். அப்படியே சொல்லவா, நல்லவிதமா மாத்திச் சொல்லவா?"

"அப்படியே சொல்லு" என்றார் லியோன், நம்பிக்கையில்லாமல். யோராம் சொன்னதை அவள் முதலில் நாஹுமுக்கு யித்திஷில் சொல்லி, அவர் பதிலைக் கேட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"யித்திஷ் கிழவங்க பாஷைன்னு யோராம் மாமா சொல்றார். அதுக்கு நாஹும் மாமா, 'ஏன்யா, நீ பொறக்கும்போதே பல்லு முளைச்சு, மீசை வெச்சுட்டா பொறந்தே? என் அம்மா என்னைக் கொஞ்சினது இதுலதான்'ங்கிறார்."

நாஹும் சொன்னதை யோராமுக்கு எபிரேயத்தில் சொன்னாள். கூடம் குலுங்கியது. யோராமுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் குரல் தணிந்தது. அவள் விடாமல் எங்களுக்கும், யித்திஷில் நாஹுமுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இவரோட அப்பா தெருவுல யித்திஷ் பேசினா இவருக்கு வெக்கமா இருக்குமாம். தினமும் மாடியிலேர்ந்து ஏதோ கத்துவாராம். திட்டுறார்னு நினைச்சு இவர் ஓடிடுவாராம். அப்பா இப்ப இல்லையாம்."

"என்ன கத்துவார்னு கேளு" என்றார் நாஹும்.

யோராம் தட்டுத்தடுமாறி அந்தச் சத்தத்தைச் சொன்னார். டோப்ரா நாஹுமைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"திட்டு இல்ல மாமா. 'என் கண்ணே, ஸ்வெட்டர் போட்டுட்டுப் போ!'"

யோராம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாஹும் போய் அவர் தோளில் கை போட்டார். இப்போது அவர்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

யித்திஷ் தொடரட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்தது யோராமின் கைதான். தன் தீர்மானத்துக்கு எதிராகவே லியோனும் கை தூக்கினார், இரண்டு கைகளையும்.

"மிஸ்டர் லியோன், ஒரு கைதான் கணக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

"தெரியும்யா! அவ என் பொண்ணு!" என்று பதிலுக்குக் கத்தினார் என் கணவர். அவரை நான் அத்தனை பெரிய சிரிப்போடு பார்த்ததே இல்லை.