கலஹாவில் எடுத்த படங்கள்

கணினி நின்றுபோன அன்று புஷ்பராணி பெரிதாகக் கவலைப்படவில்லை. திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ ஆங்கிலத்தில் முறையிட்டது. அதன்பின் எத்தனை தரம் முயன்றும் எழும்ப மறுத்துவிட்டது. தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் டி டிரைவில் இருந்தன. அங்கே இருப்பது போகாது என்று பாடசாலையில் யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். கணினிப் பெட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறி, கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், அண்ணன் முறைக்கு அவள் 'நானா' என்று அழைக்கும் ஜமால்தீனின் கடைக்குப் போனாள்.

"டீச்சர், சி டிரைவ முழுசா அழிச்சித்தான் விண்டோஸ் போடணும்" என்றான் ஜமால்தீன். "அதுல எடுத்து வெக்கிறதுக்கு ஏதும் ஈக்கிதா?"

"ஒண்ணுமே இல்ல நானா. எங்க சாமான் எல்லாம் டி-லதான்."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. பொறகு அழுதுக்கிட்டு வரப்படாது."

"நான் என்ன சின்னப்புள்ளையா?"

அடுத்த நாள் பின்னேரம் பெட்டி வீட்டுக்கு வந்தது. முன்னைவிட வேகமாக எழும்பியது. வினாத்தாள்கள் இருந்தன. ஆனால் டி டிரைவை அடிமுதல் நுனிவரை தேடியும் கல்யாணப் படங்கள் மட்டும் அகப்படவில்லை.

தெல்தெனியவில் வேலை முடித்து வந்த அவள் கணவன் வரதராசா, வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைக் கேட்டான். ஒரு சப்பாத்து காலில் இருக்க அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சி டிரைவை அழிச்சுப்போட்டானோ?"

"அழிக்கச் சொன்னதே நான்தாங்க. ஏன்?"

"படமெல்லாம் அதுக்குள்ளதான் கிடந்தது."

வரதராசா படங்களை ஒளித்துவைத்திருந்தான். யுத்தம் நடந்த அந்த வருடம் கண்டியில் தமிழர் வீடுகளில் இராணுவத்தின் தேடுதல் நடக்காத மாதம் இல்லை. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருப்பவர்களை வாசலிலேயே நிற்கவைத்து விசாரித்தார்கள். அடுத்த ஒழுங்கையில் ஒருவரின் கணினியில் இருந்த கோயில் திருவிழாப் படங்களைப் பார்த்து, இவர் யார், அவர் எங்கே என்று கேட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு இரவு கழித்துத்தான் விட்டார்கள். வரதராசாவின் கல்யாணப் படங்களில் அவனோடு யாழ்ப்பாணத்தில் படித்த நண்பர்கள் வரிசையாக நின்றார்கள். ஆகவே, படம் பிடித்த நவரட்ணராஜாவின் கமராவில் இருந்து அவற்றை நேரே சி டிரைவுக்குள், விண்டோஸ் அடுக்கடுக்காக வைத்திருக்கும் கோப்புகளின் நடுவே, எவரும் திறக்க நினைக்காத ஒரு சலிப்பான பெயரில் புதைத்துவைத்தான். மனைவியிடம் சொன்னால் அவளும் பயப்படுவாள் என்று சொல்லவில்லை. படம் பார்க்க ஆசைப்பட்டால் அவனே திறந்து காட்டுவான். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் படங்கள் திரையில் இருக்கும். எங்கிருந்து வந்தன என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"நவரட்ணராஜாட்ட இருக்காதா?"

"அவன் கமராவை அழிச்சுப்போட்டுத்தானே ஒஸ்ரேலியா போனவன்."

வேறொரு கிழமையாக இருந்திருந்தால் இருவரும் மூக்கைச் சிந்திவிட்டுச் சமாதானம் ஆகியிருப்பார்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைதான் வரதராசாவின் தாய் மங்களேஸ்வரி யாழ்ப்பாணத்தில் இருந்து எடுத்த போனில், விலைவாசி, வெங்காயம், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் பேசி முடித்தபின், "உன்ர கலியாணப் படத்தை ஒருக்கா அனுப்பு பாப்பம்" என்று சொல்லியிருந்தார்.

பக்கத்தில் நின்ற புஷ்பராணியும் அதைக் கேட்டாள். தேயிலைத் தோட்டத்துப் பெட்டை வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்ற மனுசி. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை பூட்டியிருந்தது கல்யாணத்துக்கு வராததற்கு நல்ல சாட்டாகிப் போனது. அதன்பின் மகனோடு பேசுவார், மருமகள் போனை எடுத்தால் வைத்துவிடுவார். இப்போது அவராகவே படம் கேட்கிறார். வரதராசாவோடு வேலை செய்யும் சண்முகநாதன் செவ்வாய்க்கிழமை திருகோணமலைக்குப் போய் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறப்போகிறார். அவர் கையில் படம் போகாவிட்டால் அடுத்த ஆள் எப்போது போவாரோ தெரியாது. அதற்குள் மங்களேஸ்வரியின் மனம் பழையபடி இறுகிவிடக்கூடும்.

சனிக்கிழமை காலை இருவரும் பெட்டியோடு மறுபடி ஜமால்தீனின் கடைக்குப் படியேறினார்கள்.

"சொன்னேனா இல்லையா?" என்றான் அவன். "அழுதுக்கிட்டு வரப்படாதுண்டு."

"அழ வேண்டியது நான் இல்ல நானா. இந்தா, இவர்தான்."

ஜமால்தீன் கணினிக்குள் இருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியோடு பொருத்தினான். அழிந்த கோப்புகளைத் தோண்டி எடுக்கும் ஒரு மென்பொருளை ஓடவிட்டான். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நத்தைபோல நகர்ந்தது. கீழே பஸ்காரன் "பேராதெனிய, பேராதெனிய" என்று கூவிக்கொண்டிருந்தான்.

சி டிரைவில் இருந்து வந்தவை பெயர் இழந்து, வெறும் இலக்கங்களாக வந்தன. புதிய விண்டோஸ் பாதிப் படங்களுக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. தாலி கட்டும் படத்தில் ஐயரின் கையும் வரதராசாவின் தலைப்பாகையும் நெற்றியும் தெரிந்தன. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். அடுத்ததில் மணவறையின் உச்சியும் ஒரு வாழைக்குலையும். இன்னொன்றில் புஷ்பராணியின் நெற்றிச்சுட்டி மட்டும்.

"மாப்பிள்ளட நெத்தி வடிவாத்தான் விழுந்தீக்கிது" என்றான் ஜமால்தீன். யாரும் சிரிக்கவில்லை. "சரி, டி-யையும் ஒருக்கா பாப்போம். அதுல நான் கைவெக்கல்ல."

"அதுல படம் ஒன்றும் இல்லையே" என்றான் வரதராசா.

புஷ்பராணி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கோடு மறுபடி ஊர்ந்தது. பழைய வினாத்தாள்கள் சில வந்தன. பிறகு, எந்தக் குறையும் இல்லாமல், படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் பூத்தன. கல்யாணத்துக்கு அடுத்த நாள் மறுவீட்டுக்கு கலஹாத் தோட்டத்துக்குப் போனபோது அவள் தம்பி எடுத்தவை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் நீலக் கதவு. கதவடியில் மாலையோடு இருவர். தகரக் கூரைக்கு மேல் மலையும் மேகமும். அப்பா ராஜலிங்கம் கடன் வாங்கிய கோட்டில் விறைத்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே, புகையேறிக் கறுத்த சுவர் ஓரம், வரதராசா நிலத்தில் சம்மணமிட்டு ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் சாப்பிடுகிறான். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. அவள் அம்மா பாலம்மா இன்னொரு ரொட்டியைத் தட்டில் போட, அவன் கையால் தடுக்கிறான். அந்தக் கைக்கு மேலாக ரொட்டி விழுந்துகொண்டிருக்கிறது.

"இதுகள் எங்க இருந்தது?" வரதராசா திரைக்குக் கிட்டக் குனிந்தான். "தம்பி படம் தரவே இல்லையெண்டெல்லோ நீர் சொன்னனீர்?"

"ஆரோ வேணுமிண்டே அழிச்சீக்கிறாங்க சேர்" என்றான் ஜமால்தீன் வெள்ளைமனதோடு. "குப்பைத் தொட்டியையும் காலி பண்ணீக்கிறாங்க."

வரதராசா மனைவியைப் பார்த்தான்.

"நீரோ?"

"ஆமாங்க."

"ஏனப்பா?"

"நீங்க எதுக்கு ஒளிச்சீங்களோ அதுக்குத்தான்."

"நான் ஆமிக்குப் பயந்தனான்."

"நான் உங்கம்மாவுக்குப் பயந்தேன். என்னைக்காவது பார்த்திட்டா? லயத்துல, அடுப்படியில, உங்களத் தரையில உக்கார வச்சிருக்கோம்."

ஜமால்தீன் கதிரையைச் சுழற்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேரும் பயந்ததுக்கு இந்த ஹார்ட் டிஸ்க் என்ன பாவம் செஞ்சிச்சி?"

இந்த முறை வரதராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புஷ்பராணிக்கும் வந்தது, ஆனால் பாதியில் அழுகையாக மாறியது. அவன் அவள் தோளில் கைவைத்தான். கடைக்குள் என்பதால் உடனே எடுத்தும் விட்டான்.

"விடும். நான் அம்மாட்டச் சொல்லுறன், கொம்பியூட்டர் பழுதாப் போச்சு, பிறகு அனுப்புறன் எண்டு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா கையில் இருந்து ரொட்டி விழுந்துகொண்டிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் படத்தை அழித்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. விடைத்தாள் திருத்தும் வேலைக்கு நடுவே, ஏதோ தூசி தட்டுவதுபோலச் செய்திருந்தாள். பாலம்மாவுக்கு அது தெரியாது. படம் நல்லா வந்துச்சா என்று கேட்டதற்கு, இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தாள்.

"சாக்குச் சொன்னா, நம்மகிட்ட ஏதோ மறைக்கிறாங்கன்னுதான் அத்தை நினைப்பாங்க. அதுவும் உண்மைதானே. இதையே அனுப்புங்க."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

"நான் நிலத்தில இருக்கிற படத்தை மட்டும் விடுவமே. அம்மா—"

"அதத்தான் முதல்ல போடணும்."

மங்களேஸ்வரியின் வீட்டில் கணினி இல்லை. அதோடு, சீடியாகக் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பிரச்சினை வரலாம். கடதாசிப் படம் என்றால் எவரும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆகவே பக்கத்து ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் அச்சிட்டார்கள். சாம்பலாகிப்போன தாலிப் படத்தையும் ஒன்று சேர்த்துக்கொண்டாள் புஷ்பராணி. செவ்வாய்க்கிழமை காலை சண்முகநாதனின் பயணப்பையில் அந்த உறை போனது.

அதன்பின் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் படிப்பிக்கும்போதும் கடல் நினைவுக்கு வந்தது. கப்பல் பிந்தியதாம், பிறகு வேறு நாள் கிளம்பியதாம். சண்முகநாதன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மங்களேஸ்வரியிடம் இருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுமனே கழிந்தது. "லைன் கிடைச்சிருக்காது" என்றான் வரதராசா. அவளும் ஓம் என்பதுபோலத் தலையாட்டினாள். சமையலில் உப்பு போட மறந்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் போன் அடித்தது. வரதராசா எடுத்தான். "ஓம் அம்மா... ஓம்... இல்லையம்மா, தாலிப் படத்தில முகத்தை ஒருத்தரும் வெட்டேல்ல, அது கொம்பியூட்டர் பழுதானதால வந்தது..." கொஞ்சம் கேட்டான். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் நீட்டினான். "உம்மட்டக் குடுக்கட்டாம்."

புஷ்பராணி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிரில் ஆள் நிற்பதுபோல எழுந்து நின்று போனை வாங்கினாள்.

"வணக்கம் அத்தை."

அந்தப் பக்கம் இரைச்சல். ஒரு காகம் கத்துவதுகூடக் கேட்டது.

"பிள்ளை," என்றது குரல். "அந்தப் படத்தில ரொட்டி போடுறது உம்மட அம்மாவோ?"

"ஆமாங்க அத்தை."

"இவன் வரதன் இஞ்சை ரெண்டாவது ரொட்டி திண்டதை நான் கண்டதில்லை. தட்டைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போயிடுவான். அங்க பாத்தால் இளிச்சுக்கொண்டு இருக்கிறான். மாவை பச்சத் தண்ணியிலயோ சுடு தண்ணியிலயோ குழைக்கிறவ?"

புஷ்பராணிக்குப் பதில் தெரியும். ஆயிரம் தரம் பக்கத்தில் இருந்து பார்த்தது. ஆனாலும் "அது வந்துங்க அத்தை..." என்று இழுத்தாள்.

"சரி சரி, உமக்குத் தெரியாட்டி விடும். அவவோட ஒருக்கா நானே கதைக்கோணும். சம்பந்தி எண்டு ஆள் இருக்க, இவ்வளவு நாளும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அவவின்ர வீட்டில போன் இருக்கோ?"

"தம்பிகிட்ட இருக்குங்க அத்தை. அம்மா பக்கத்துலயே இருப்பாங்க."

"அப்ப நம்பரைச் சொல்லும். ஆறுதலாச் சொல்லும், நான் கண்ணாடி போடேல்லை."

புஷ்பராணி ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் மங்களேஸ்வரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார்.