டிரையருக்குப் பக்கத்தில் ஒரு யூஃபோனியம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாத விஷயத்தில் நான் கருத்துச் சொன்னதால் பிறந்த கதை இது. என் மற்ற கதைகளும் அப்படித்தான். இதற்கு மட்டும் சாட்சி இருக்கிறது.

முதல் தொடக்கம்: ‘ஜெகதளாவை மூடுபனி வெண்பட்டாய்ப் போர்த்தியிருந்த அந்தக் காலையில்—’

வேண்டாம். எங்கள் மலையூரில் பனி என்றால் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான்.

2.

ஸ்டெபி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், சர்ச் பேண்டில் யூஃபோனியம் வாசிக்கிறாள். (மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளை வாத்தியம். எனக்கே அதைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது.) சென்னைக் கல்லூரி ஒன்றில் பேண்டு வாசிப்பவருக்கென்று ஓர் இடம் உண்டு. சொந்த வாத்தியத்தோடு போய் வாசித்துக் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் அம்மா சுஜாதாவோடு தேயிலை ஃபேக்டரி வேலைதான்.

சர்ச் ஹால் மேசையில் இரண்டு யூஃபோனியங்கள் இருந்தன. பளபளவென்று மின்னியது பேண்டு மாஸ்டர் ரமேஷ் விற்பது. நிறம் மங்கி, விளிம்பு நசுங்கியது கோயமுத்தூர்க் கடையிலிருந்து வந்தது.

“ஏனுங்க சார், புஸ்தகமெல்லாம் எழுதறீங்க. எது நல்லதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க” என்றார் சுஜாதா.

ரமேஷ் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். ஸ்டெபி இரண்டையும் ஊதினாள். பளபளப்பு கீபோர்டின் சுருதியோடு சேர்ந்தது, மங்கல் சேரவில்லை.

“சுருதி எறங்கிக் கெடக்குதுங்க” என்றார் ரமேஷ்.

நானே கண்டுபிடித்ததுபோல் தலையாட்டி, “பளபளப்பையே எடுங்க” என்றேன்.

3.

இந்த இடத்தில், ‘எழுத்தாளருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம்—’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. டீயோடு வர்க்கி பிஸ்கட் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்தது ஸ்டெபிக்கு. “சார், சென்னையில இந்தக் குளிரு இருக்காதுங்களே?”

நான் சிரித்தேன். அதற்காக இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனாள். தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கம்தான் எங்கள் மலையிலேயே சென்னை வெயில் அடிக்கும் இடம். அரை மணி நேரம் சூடேற விட்டு, செல்போனில் சுருதி பார்க்கும் ஆப்பை வைத்து ஊதினாள். பளபளப்பு எகிறியது. சுருதி சேர்க்கும் குழாயை முழுக்க இழுத்தும் இறங்கவில்லை. மங்கல் மெல்ல ஏறி, சரியாக வந்து உட்கார்ந்தது.

(ரமேஷ் ஏமாற்றுக்காரர் அல்ல. குளிரில் பித்தளையின் சுருதி இறங்கும்; அதனால் தன் பேண்டு வாத்தியங்களில் அந்தக் குழாயைக் கொஞ்சம் அறுத்துக் குட்டையாக்கி, சுருதியை ஏற்றிவிடுவார். “நம்ம பேண்டு மலைய உட்டு எறங்குனதே இல்லீங்க. எனக்கெப்படித் தோணும்?” என்றார். அவருக்காவது காரணம் இருந்தது.)

“இந்த நசுங்கினதையே எடுத்துக்க புள்ள. சார் சொன்னாச் சொல்லட்டும்” என்றார் சுஜாதா. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

4.

முடிவு அ: இடம் கிடைக்கிறது. விழாவில் எழுத்தாளருக்கு நன்றி சொல்கிறாள். (எதற்கு?)

முடிவு ஆ: கிடைக்கவில்லை. இலக்கியத் தரம் கூடும், விருதுக் குழு கண்கலங்கும்.

முடிவு இ: பேருந்து மேட்டுப்பாளையம் தாண்டும்போது—

இல்லை. இப்போது காலை பத்தரை. சென்னையில் அந்த ஓர் இடத்துக்குப் பதினோரு பேர் வரிசையில் இருக்கிறார்கள். ஸ்டெபி எட்டாவது. சுஜாதா லீவு போட்டுவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கொடுத்த டீயைத் தொடவில்லை.

“என்ன எழுதறீங்க சார்?”

“ஸ்டெபி கதைதாங்க.”

“கெடச்சிருச்சுன்னு எழுதிப்போடுங்க சார்.”

இத்தனை வருடத்தில் ஒரு வரி எழுத இவ்வளவு பயந்ததில்லை. ஆகவே வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்று எழுதுவதானால் மட்டும், தயவுசெய்து இங்கே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, இந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.