முழுப்பேர்

ஆண்டியப்பனின் பேரை வெட்டிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் வேலையிலிருந்து நிறுத்துவது. நெஞ்சு முழுக்கச் சளி, இனி இவன் மலை ஏறமாட்டான் என்று டாக்டர் ஐயா சொல்லிவிட்டார். கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார். செடிகளைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்தே தேய்ந்த ஒரு ஆயுசுக்கு அந்த ஒரு கோடு போதுமாக இருந்தது.

ஆனால் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் படுத்துக் கிடந்தவனுக்கு அது ஆறவில்லை. இந்தியாக்காரன் என்று வோட்டுப் பட்டியலிலிருந்து அவன் பேரை ஏற்கெனவே ஒருமுறை வெட்டியாயிற்று. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுவுக்கும் கையை விரித்துவிட்டார்கள். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மிச்சமிருந்த இடம், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு ஒன்றுதான். இப்போது அங்கும் கூப்பிடுவதில்லை. விடியற்காலையில் கொம்பு ஊதும்போதெல்லாம் எழுந்து உட்காரப் பார்ப்பான், இருமல் பிடித்துத் தள்ளும், மறுபடி சாய்ந்துவிடுவான்.

அவன் மனைவி சூசையம்மாவுக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் வேதக்காரி. அவன் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். கும்பிடுகிறவன் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம், திருவிழாவுக்கு மட்டும் தலையைக் காட்டுகிறவன். அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை தவழ்கிற வயதிலேயே வயிற்றுப்போக்கில் போய்விட்டது. அது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, மோட்சத்தில் இருக்கிறது என்பதில் சூசையம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. அட்டைக் கடியிலும் பனியிலும் அவளைக் கொழுந்து மலைக்குத் தினமும் ஏற்றிக்கொண்டு போனது அந்த நினைப்புத்தான். அங்கே போனால் பிள்ளையைத் தூக்கலாம். ஆனால் ஞானஸ்நானம் பெறாத இந்த மனுஷனுக்கு அங்கே இடம் கிடையாது; அவன் இல்லாமல் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு என்ன செய்வது?

பக்கத்து ஊரான பூண்டுலோயாவிலிருந்து உபதேசியாரை அழைத்து வந்தாள். நல்ல மனிதர்தான், வாயைத் திறந்தால் மட்டும் பிரசங்கமாகவே வரும். தலையில் தண்ணீர் ஊற்றினால் போதும், பரலோகத்தில் உன் பேர் எழுதப்படும் என்று நீளமாக விளக்கினார். ஆண்டியப்பன் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றான்.

"பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்துனவன் இல்லைங்க நான். அரைப்பேரு வாங்குனதும் கெடையாது. ஒரு வேலையும் செய்யாம, அந்தி சாயுற நேரத்துல போயி எனக்கும் பேரு போடுங்கன்னு நிக்கச் சொல்றீங்களா? வெக்கமா இருக்குங்க."

அரைப்பேர் என்பது தோட்டத்தில் பெரிய தலைகுனிவு. பிந்தி வந்தாலும், நிறுவையில் கொழுந்து குறைந்தாலும் அன்றைக்கு முழுப்பேர் கிடையாது, பாதிச் சம்பளம்தான். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் கணக்கப்பிள்ளையின் குரல் மலை முழுக்கக் கேட்கும். உபதேசியாருக்கு இது புரியவில்லை. போகும்போது சூசையம்மாவைத் தனியே கூப்பிட்டு, சாகக் கிடக்கிறவனுக்கு யாரும் தண்ணீர் ஊற்றலாம், அவன் சம்மதித்தால் நீயே ஊற்று என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அது உள்ளே கிடந்தவன் காதிலும் விழுந்துவிட்டது.

"நான் கண்ணசந்து கெடக்கையில ஊத்திடாத புள்ள," என்றான். "திருட்டுப்பேரு எனக்கு வேணாம்."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மண் சரிந்து, பூண்டுலோயாவுக்குப் போக்குவரத்து நின்றது. நாலைந்து நாளில் ஆண்டியப்பனின் மூச்சு கரகரவென்று இழுக்கத் தொடங்கியது. சூசையம்மா வேலைக்குப் போகவில்லை. மலைத் தண்ணீர் விழும் பீலியில் ஒரு செம்பு பிடித்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மத்தியானம் அவன் நினைவு தப்பிக் கிடந்தபோது அவள் கை இரண்டு தடவை செம்புக்குப் போனது. இரண்டு தடவையும் திரும்பி வந்தது. ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போனால் அங்கே போயும் தன் முகத்தைப் பார்க்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலத்துக்கு முன்னால் அவன் கண் திறந்தான். அவள் கஞ்சியை ஊட்டியபடி, கோயிலில் கேட்ட கதையொன்றைச் சொன்னாள். ஒரு திராட்சைத் தோட்டம்.

எந்தப் பக்கம், யார் தொரை என்று கேட்டான். தோட்டம் என்றாலே அவனுக்குத் தொரை வேண்டும். தொரை ஆண்டவர்தான் என்றாள். விடிய ஆள் எடுத்தார், மத்தியானமும் எடுத்தார், பொழுது சாயப்போகிற நேரத்திலும் சந்தியில் சும்மா நின்றவர்களைக் கூப்பிட்டார், எல்லோருக்கும் முழுப்பேரே போட்டார் என்று சொன்னாள்.

அவன் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கேட்டான்.

"அவங்க ஏன் சும்மா நின்னாங்களாம்?"

"யாரும் வேலைக்குக் கூப்பிடலையாம். பேரே இல்லாதவங்க."

அவன் கண் கலங்கிற்று. சூசையம்மா அதைப் பார்க்காத மாதிரி கஞ்சிக் கோப்பையைத் துடைத்தாள்.

"விடியப் போனவங்க மொணங்கலையா?"

"மொணங்குனாங்க."

"நீ விடியப் போனவ. மொணங்க மாட்டியா?"

சூசையம்மா பொய் சொல்ல நினைத்தாள். கசிப்புச் சாராயம் குடித்த வெறியில் அவன் அவள் செபமாலையை அறுத்து எறிந்த நாள் நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் புதைத்த அன்று, உன் சாமி எங்கே என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அவளுக்கு இன்னும் கோபம் இருந்தது.

"மொணங்குவேன்," என்றாள். "மோட்சத்துல வச்சும் மொணங்குவேன். அதுக்கு நீங்க அங்க இருக்கணுமில்ல."

ஆண்டியப்பன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. பிறகு, செம்பை எடு என்றான்.

அவனுக்கென்று ஒரு புனிதரின் பேரை அவள் மனசுக்குள் எப்போதோ எடுத்து வைத்திருந்தாள். அதைச் சொன்னதும் தலையை ஆட்டி மறுத்தான்.

"ஆண்டியப்பன்னே இருக்கட்டும். வெட்டுனது அந்தப் பேரத்தான்."

அவள் பிதா, சுதன், இஸ்பிரித்து சாந்து என்று சொல்லி, ஆண்டியப்பன் என்றே கூப்பிட்டு ஊற்றினாள். பீலித் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. அவன் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. மறுநாள் பெரட்டுக் கொம்பு ஊதும்போது அவன் எழுந்திருக்கப் பார்க்கவில்லை. அவள் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

அடக்கம் முடிந்து மறுவாரம் சூசையம்மா மலைக்குப் போனாள். கை ஓடவில்லை. எந்தச் செடியைப் பார்த்தாலும் அது அவன் கவ்வாத்து வெட்டிய செடியாகத் தெரிந்தது. கூடை நிறையவில்லை. நிறுவையில் கணேசமூர்த்தி தராசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புருஷனைப் புதைத்த பொம்பளை என்ற இரக்கம் அவர் முகத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

"சூசையம்மா, அரைப்பேரு," என்று மலை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

வரிசையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சூசையம்மா குனியவில்லை. மழையில் நனைந்த முகத்தைத் தலையில் போர்த்தியிருந்த கொங்காணியால் துடைத்துக்கொண்டாள். துடைத்ததில் கண்ணீரும் இருந்தது, ஒரு சிரிப்பும் இருந்தது.

"போடுங்கய்யா," என்றாள். "எங்க வீட்டுல ஒருத்தருக்கு முழுப்பேரு விழுந்துருச்சு."