முதல் ஷிஃப்டில் இரண்டு விரல்கள்

வீரலட்சுமியின் இடது கையிலிருந்து துண்டாகிப் போன மோதிரவிரலும் சுண்டுவிரலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்டுக்கு வேலைக்கு வந்துவிட்டன. ஓசூர் சிப்காட்டில் கார் கதவுக்குக் கீல் அடித்துத் தரும் அந்தக் கம்பெனியில் யாரும் இதற்காக அலறிவிடவில்லை. அன்றைக்கு ஆள் பற்றாக்குறை. முந்தின நாள் ஸ்கிராப் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியும் அகப்படாத விரல்கள்தான் அவை. நகத்தில் பாதி உதிர்ந்திருந்த ஊதா பாலீஷை வைத்து அடையாளம் சொன்னார்கள். தகடு பிடித்துப் பிடித்து அவளுடைய கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோனதால், வருகைப் பதிவை இரண்டாம் வருடமே மோதிரவிரலுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த விரல் போய் மெஷினைத் தொட்டது, பச்சை விளக்கு எரிந்தது, வீரலட்சுமி வந்தாயிற்று என்று பதிவானது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்த வீரலட்சுமிக்கு இது சாயங்காலம்தான் தெரிந்தது.

தப்பு அவளுடையது என்று விசாரணையில் எழுதினார்கள். தப்புதான். தகட்டை அடித்து வளைக்கும் பவர் பிரஸ்ஸில் இரண்டு பக்கமும் பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்ந்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், ஆகவே கை உள்ளே போகாது. டார்கெட்டை முடிக்க ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கிவிடுவது அந்த ஷெட்டில் எல்லாரும் செய்வது, டேப்பை வாங்கிக் கொடுப்பதே சூப்பர்வைசர். மற்றவர்கள் சும்மா கிடக்கும் கையால் அடுத்த தகட்டை எடுப்பார்கள். வீரலட்சுமி அந்தக் கையால் மேசையைத் தட்டிப் பியானோ பழகினாள். அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள் அவள். ஹாஸ்டலில் கூடத் தங்கியிருந்த ஜெயப்ரியாவோடு ஒரு ஞாயிறு சர்ச்சுக்குப் போனாள். ஜெயப்ரியா அங்கே பியானோ வாசிப்பதைப் பார்த்து, நானும் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நாலு வருடத்தில் சொல்லிக்கொடுத்தவளையே தாண்டிவிட்டாள். பெங்களூரில் ஓர் இசைக் கல்லூரியில் ஜூன் மாதம் ஆடிஷன். தேறினால் படிப்பும் தங்குமிடமும் இலவசம். பிறந்ததிலிருந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். வாசிக்க வேண்டிய பாடத்தில் ஓர் இடத்தில் இடது சுண்டுவிரல் எட்டாத தூரத்துக்கு எட்ட வேண்டும். ஆறு மாதமாகப் பிரஸ் மேசையில் அந்த இடத்தைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். அன்று முதன்முதலாகப் பிசகாமல் எட்டிவிட்டது. எட்டிய இடம் பிரஸ்ஸுக்கு நேர் கீழே இருந்தது.

சூப்பர்வைசர் டேப்பை வலப்பக்கப் பட்டனுக்கு மாற்றி ஒட்டிவிட்டு, இடப்பக்கத்தை விரல்களிடம் விட்டார். தகடு வைக்கக் கல்லாவியிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி நின்றாள். டீக்கு எழுந்து போகாத, போன் பார்க்காத வேலையாட்கள். ஐந்து வினாடிக்கு ஓர் அடி, பிற்பகல் இரண்டு மணிவரை. விபத்துப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டு வீரலட்சுமி போனபோது, ஆள் தினமும் டூட்டியில் இருக்கும்போது என்ன விபத்து என்று கேட்டார் எச்.ஆர். சிவராஜ். பதிவேட்டைத் திருப்பியும் காட்டினார். மனுஷன் அதை மனப்பூர்வமாக நம்பினார், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஞாயிறு வாரவிடுமுறை. காயம் ஆறியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச் பியானோவை எட்டு விரலால் தடவிக்கொண்டிருந்தபோது, இரண்டும் எண்ணெய் வாடையோடு வந்து தத்தம் இடத்தில் பொருந்திக்கொண்டன. அந்த எட்டாத இடத்தை எட்டின. வீரலட்சுமி தேம்பித் தேம்பி அழுதாள், சந்தோஷத்தில்தான். பொழுது சாய்ந்ததும் அவை கிளம்பிப் போய்விட்டன. ஆனால் ஆடிஷன் ஒரு வியாழக்கிழமை. விரல்களுக்கு ஒருநாள் லீவு கேட்டு மறுபடி சிவராஜிடம் போய் நின்றாள்.

“உன்ன யாரும்மா போக வேணான்னது? நீ வேலைக்கே வர்றதில்ல, உனக்கெதுக்கு லீவு?” என்றார் சிவராஜ். “பாடுபடறது அதுங்க. வேணும்னா அதுங்க வந்து எழுதிக் குடுக்கட்டும்.”

எட்டு விரலோடுதான் போனாள். வாசித்தாள். ஓட்டைப் பல்லில் காற்று போவதுபோல இடது கையில் சுரங்கள் விட்டுவிட்டுப் போயின. மற்ற இரண்டும் எங்கே என்று தேர்வாளர் அம்மாள் கேட்டார், ஷிஃப்டில் இருக்கின்றன என்றாள், குறித்துக்கொண்டார். முழுக் கையோடு வந்தால் பரிசீலிக்கலாம், வயது வரம்பு முப்பது என்று கடிதம் வந்தது. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு.

அடுத்த வருடம் கம்பெனிக்கு ஆர்டர் கூடி ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் ஓடியது. விரல்கள் சர்ச்சுக்கு வருவது நின்றுபோனது. அவற்றை நிரந்தரமாக்கினார்கள், வீரலட்சுமி வேலை பார்த்த காலமெல்லாம் கான்ட்ராக்டில்தான் இருந்தாள். ஆயுதபூஜைக்கு மெஷினோடு சேர்த்து அவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கொரோனா வந்து போனது, ஜெயப்ரியா கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்குப் போனாள், வீரலட்சுமி ரோஜாப் பண்ணையில் பூக்களை அட்டையில் சுற்றிக் கட்டும் வேலையில் இருந்தாள். வேலை முடிந்ததும் சர்ச்சுக்குப் போய், வராத இரண்டுக்கும் இடம் விட்டே பாடத்தை வாசிப்பாள். ஏழு வருடத்தில் சர்ச் திறந்திருந்த ஒருநாளும் தவறவில்லை. இருபத்தொன்பதாம் வயதில், ஆடிஷனுக்கு ஒரு மாதம் இருக்கையில், கம்பெனி அந்தப் பிரஸ்ஸில் ரோபோ கையைப் பொருத்தியது. மறுநாள் விடிகாலை விரல்கள் அவள் அறைக்கு வந்து கையில் சேர்ந்தன. பாலீஷ் துளிகூட மிச்சமில்லை. அவள் அவற்றை முத்தமிட்டாள்.

சரியாக ஆறு மணிக்கு அவை அழுத்தத் தொடங்கின. பாய், தட்டு, பூக்கட்டு, எது கீழே இருந்தாலும் ஐந்து வினாடிக்கு ஒருமுறை அதே அழுத்தம். இரண்டு மணிக்கு நின்றன. நின்றபின் பியானோவில் வைத்தால் விறைத்துக் கிடந்தன. பாடம் அடியோடு மறந்துபோயிருந்தது. நல்லெண்ணெய் போட்டு நீவினாள், கெஞ்சினாள், ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அடிக்கவும் செய்தாள். ஒரு மாதம் போனது.

ஆடிஷன் காலை பதினொன்றுக்கு. வலது கை அந்த அறையில் இருந்தவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. இடது கையில் இரண்டு விரல்கள் ஒரே கட்டையை இறக்கிக்கொண்டிருந்தன.

“இத கொஞ்சம் நிறுத்த முடியாதாம்மா?” என்று தேர்வாளர் அம்மாள் கேட்டார். அதே அம்மாள்தான், தலை நரைத்திருந்தது.

“ரெண்டு மணிக்குத் தானா நின்னுடும்ங்க மேடம்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். “எங்களுக்கு ஒரு மணியோட முடியுதேம்மா.”

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பக்கத்தில் ஒரு கன்னடக்காரப் பெண் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். வீரலட்சுமியின் விரல்கள் அந்தப் பையை அழுத்திக்கொண்டிருந்தன. அந்தப் பெண் சிறிது நேரம் பார்த்தாள், எந்தக் கம்பெனி என்று விசாரித்தாள், பிறகு முட்டை இருக்கும் பக்கத்தை ஒதுக்கிப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.