டெய்சிச் செடியில் பிசிறு

அருள்புரத்து லைன் வீட்டில் ஒச்சம்மாள் ஒண்டிக்கட்டை. மகள் ஜோதிகா கல்யாணமாகி அவிநாசிப் பக்கம் போனபிறகு துணைக்கு இருந்தது, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அவள் விதைத்துவிட்டுப் போன டெய்சிச் செடிகள்தான். “பூத்ததும் போன் பண்ணும்மா. அவரோட வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்” என்று சொல்லியிருந்தாள்.

அந்த ரெண்டு நாளுக்காகவே ஒச்சம்மாள் செடியைக் கண்ணாகப் பார்த்தாள். போர்வெல் தண்ணீர் உப்பு என்று, குடிக்கப் பிடித்த லாரித் தண்ணீரில் ஒரு சொம்பை அதற்கு ஊற்றினாள். மார்கழியில் மொட்டு விட்டது. ஆனால் வெயில் ஏறுமுன் பனியன் கம்பெனி வண்டி ஏறி, இருட்டித் திரும்புகிறவளுக்கு விரிந்த பூ ஒன்றும் கண்ணில் படவில்லை. ஞாயிறும் டூட்டி. எப்போது பார்த்தாலும் பூக்கள் இதழ் கூம்பிச் சூம்பிக் கிடந்தன. வாடினதை விட்டுவைத்தால் செடி கெடும் என்று நினைத்தாள். பகலெல்லாம் பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற கை சும்மா இருக்குமா? அதே கட்டரால் நறுக் நறுக்கென்று வெட்டிப் போட்டாள்.

பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனில் கூப்பிட்டால் ஜோதிகா கேட்பாள்: “பூத்துச்சாம்மா?”

“எங்கிட்டுடி பூக்குது? மொட்டுலயே கருகிப் போகுது.”

“அப்பப் பெறகு பாப்போம்.”

தை பிறந்து ஒரு நாள், கரண்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் பண்ண, மத்தியானமே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். முகம் கழுவப் பின்பக்கம் போன ஒச்சம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். வெயிலில் ஒரே ஒரு பூ, வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தது. நேற்று அசதியில் வெட்டாமல் விட்டது.

லைன் வீட்டுச் சொந்தக்காரி மயிலாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏக்கா, இது எப்பக்கா பூத்துச்சு?”

“தெனமும் வெயில் வந்தாப் பூக்குதுங்க, பொழுது சாஞ்சா மூடிக்குதுங்க. நீங்க வந்து வெட்டறீங்க. கஷாயத்துக்கோ என்னமோன்னு இருந்துட்டனுங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?”

“நீங்க எப்பங்க ஊட்ல இருந்தீங்க, சொல்றதுக்கு?”

ஒச்சம்மாள் பெட்டிக்கடைப் போனுக்கு ஓடினாள். “பூத்துருச்சுடி, வெரசா வாங்க!”

“இப்பவாம்மா? இவரு கம்பெனியில ஷிப்மென்ட் அவசரம் ஓடுது, லீவு கெடைக்காது. மாசியில வாறோம்.”

“மாசி வரைக்கும் இருக்குமாடி?”

“தண்ணி ஊத்தும்மா, இருக்கும்.”

போனுக்குக் காத்திருந்து பேசித் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்து, பூ கூம்பத் தொடங்கியிருந்தது. இலைகளை விலக்கி விலக்கித் தேடினாள். வேறு மொட்டு இல்லை, வெட்டுப்பட்ட காம்புகள்தான். பழக்கத்தில் கை இடுப்புக் கட்டரைத் தொட்டது. அதை எடுத்துக் கல்மேல் வைத்துவிட்டு, ஒரு சொம்பு லாரித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பூ முழுசாக மூடுகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.